“எண்ணெய் இடப்பட்டது” என்று நான் போட்ட கையெழுத்து

1. நான், குப்பன் மகன் தயாளன், வயது நாற்பத்தேழு. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்து அங்கேயே குடியிருப்பவன். பொன்னேரி நீதிமன்றத்தில் வழக்குரைஞராகத் தொழில் செய்பவன்.

2. எங்கள் குப்பத்து மீனவர் சங்கத்தின் சட்ட ஆலோசகன். சங்கத்து மீன் லாரியின் இன்ஜின் கெட்டுப்போனது குறித்து விசாரித்து அறிக்கை எழுதியவனும் நானே.

3. அந்த லாரியை ஓட்டியவரும் இப்போது உயிரோடு இல்லாதவருமான தேசிங்கு, என் மனைவி வனஜாவின் அண்ணன். இந்தக் கடிதம் அவருக்கு எழுதப்படுகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் நானே இதைப் படிப்பேன்.

4. இதில் உள்ளவை நானே செய்தவை, கண்டவை, காதால் கேட்டவை.

அன்பு மச்சானுக்கு,

மேலே எண் போட்டிருப்பதைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். “இன்னா மாப்ள, பொண்டாட்டிக்குக் கடுதாசி போட்டாலும் ஒண்ணு ரெண்டுனு நம்பர் போட்டுதான் எழுதுவியா?” என்று வனஜாவை வைத்துக்கொண்டே கேட்டவர் நீங்கள். எண் போடாவிட்டால் எனக்கு உண்மை எழுத வராது என்று அன்று விளையாட்டாகச் சொன்னேன். எண் போட்டுப் பொய்யும் எழுத வரும் என்பதைப் பிறகு உங்களிடமே காட்டினேன்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. முகத்துவாரத்தில் மறுபடி மணல் ஏறிக்கிடக்கிறது. நண்டு பரவாயில்லை, இறால் சுமார். சங்கம் புது லாரி வாங்கப்போகிறது. வண்டி வருமுன்பே சண்டை வந்துவிட்டது. அதே பழைய சண்டைதான்: டீசல் வண்டிக்கு ஏர் பில்டர் காகிதத்தில் போடுவதா, கழுவிக் கழுவிப் போடும் துணி பில்டரா? என்னிடம் எழுத்தில் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். இதில் கருத்துச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்களோ இல்லை.

பழைய லாரி வாங்கியபோது இதற்காக நடந்த முதல் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்குமா? தலைவர் முனிரத்தினம் எழுந்து நின்றார். “மூணு மாசத்துக்கு ஒருக்கா காயிதத்த வாங்கிக் கடாசணுமா? எங்க மீன்புடி போட்டு இன்ஜினுக்கு எவன்யா பில்டர் மாத்தறான்? டீசல்ல ஒரு அலசு அலசி மாட்டுனா வருசக்கணக்கா ஓடுது.”

“இன்னா நைனா, கடல்ல ஏது தூசி?” என்றீர்கள் நீங்கள். “உன் போட்டு காட்டுப்பள்ளி ரோட்ல போவுதா? ஒரு நாள் பவர் ஹவுஸ் சாம்பல் லாரி பின்னாடி என்கூட குந்திகினு வா. எறங்குனதும் மூக்குல வெரல வுட்டுப் பாரு. அப்பறம் பேசலாம்.”

கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஆனால் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் படகுக்காரர்கள். தண்ணீர்மேல் ஓடும் இன்ஜினை வைத்தே தார்ச்சாலை இன்ஜினுக்கும் தீர்ப்புச் சொன்னோம். நானும் அவர்களோடு சேர்ந்தேன். துணி பில்டர் பல வருடம் வரும், ஏரிக்கரையில் குப்பை சேராது என்று இரண்டு காரணம் எடுத்துக் கொடுத்தேன். இரண்டும் பொய்யில்லை.

நீங்கள் மறுபடி எழுந்தீர்கள். “துணி நல்லதுதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அத்த கழுவணும், நெழல்ல காய வெக்கணும், மறுபடி எண்ண தடவணும். தூசியப் புடிக்கறதே அந்த எண்ணதான். எண்ண இல்லைன்னா அது வெறும் கொசுவலை. ஒருத்தன் பொறுப்புல இருந்தா செய்யலாம். ஊர் கையில குடுத்தா?”

ஊர் கையிலேயே கொடுத்தோம். அந்த யோசனை என்னுடையது. ஏரியில் வலை போடும் இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கி முறை வைப்பது போல, பில்டர் கழுவவும் வீட்டுக்கு ஒரு மாதம் என்று பாடு வைத்தோம். ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை இறக்குவதில்லை அல்லவா? அதேபோல், பாடுக்காரரைத் தவிர வேறு எவரும், ஓட்டுநர் உட்பட, பில்டர் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று ஒரு விதி எழுதினேன். தகராறு வராமல் இருக்க எழுதிய விதி. “சூப்பர் மாப்ள, வண்டி என்னுது, மூக்கு ஊரோடது” என்று நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். ஆனாலும் ஒரு நாளும் அந்த விதியை மீறவில்லை. பிறர் பாட்டில் கை வைக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் கிடையாது.

ஆடி மாதம் என் பாடு வந்தது. முதல் நாள் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். அதுவரை ஒழுங்காகத்தான் செய்தேன். மறுநாள் காலை பொன்னேரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வெள்ளைச் சட்டை போட்டு, கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தேன். பில்டருக்குத் தடவும் எண்ணெய் செக்கச்செவேலென்று இருக்கும், பட்டால் போகாது. சட்டையில் கறையோடு நீதிபதி முன் எப்படி நிற்பது? சாயங்காலம் தடவிக்கொள்ளலாம் என்று உலர்ந்த பில்டரை அப்படியே பெட்டியில் வைத்தேன்.

நீங்கள் நண்டுக் கூடைகளை ஏற்றிவிட்டு என் பின்னால் வந்து நின்றீர்கள். “இன்னா மாப்ள, வெளுப்பா கீதே? எண்ண போட்டியா?”

“போட்டாச்சு மச்சான்” என்றேன். மூடியை இறுக்கினேன். பாடுக்காரர்கள் எழுதிவைக்கும் நோட்டில் எழுதினேன்: கழுவப்பட்டது, உலர்த்தப்பட்டது, எண்ணெய் இடப்பட்டது, பொருத்தப்பட்டது. கீழே கையெழுத்துப் போட்டேன். நீங்கள் நோட்டைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், வண்டி ஏறிவிட்டீர்கள்.

அன்று சாயங்காலம் வண்டி வர நேரமாயிற்று. அடுத்த நாள் எனக்கு வாய்தா இருந்தது. மூன்றாம் நாள் நேரம் இருந்தது, எண்ணெய் டப்பாவும் கையில் இருந்தது. பெட்டியைத் திறந்தால் பார்ப்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள், நோட்டில் எழுதியது பொய் என்று ஆகிவிடும் என்று தோன்றியது. டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்தேன். முதல் நாள் செய்தது அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றாம் நாள் செய்ததற்கு அப்படி ஒரு பெயரும் இல்லை, மச்சான்.

அந்த மாதம் முழுக்கச் சாலையில் சாம்பல் லாரிகள் ஓடின. “வண்டி இன்ஜின் ஆயில் குடிக்குது மாப்ள, புகையும் ஊதாவா வருது. உன் பாடுதான, பொட்டிய ஒருக்கா தொறந்து பாத்துடேன்” என்று இரண்டு முறை என்னிடம் சொன்னீர்கள். “இப்போதுதானே மாட்டினேன்” என்றேன். மாதக் கடைசியில் நட்டநடுப் பகலில், மீஞ்சூர் தாண்டி, மடவை மீன் லோடோடு வண்டி நின்றது. ஐஸ் கரைந்து, மீன் அழுகி, ஊரே கத்தியது. மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார். காற்று போகும் குழாய்க்குள் விரல் விட்டு எடுத்தார். விரல் நுனியில் சாம்பல், முகப்பவுடர் போல. “காத்து வடிகட்டாம உள்ள போயிருக்குது” என்றார்.

விசாரணை அதிகாரியாகச் சங்கம் என்னை நியமித்தது. அந்த இடத்திலேயே மறுத்திருக்க வேண்டும். தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது சட்டக் கல்லூரியில் முதல் ஆண்டே சொல்லிக்கொடுப்பது.

உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஊர் கேட்க நான் கேட்டேன்: “பில்டர் பெட்டியை நீங்கள் திறந்தீர்களா?”

“இல்ல.”

“பில்டரில் எண்ணெய் இருந்ததா?”

நீங்கள் ஓரமாக உட்கார்ந்திருந்த வனஜாவை ஒருமுறை பார்த்தீர்கள். “நோட்டுல எண்ண போட்டதா எழுதிக்கீது. வக்கீல் கையெழுத்து கீது. அப்ப போட்டுதான் இருக்கும்” என்றீர்கள்.

சிலர் சிரித்தார்கள். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். “ஓட்டுநர் அனுமதியின்றிப் பெட்டியைத் திறந்திருக்க வாய்ப்பு உள்ளது. புகை கண்ட பிறகும் வண்டியை ஓட்டியது கவனக்குறைவு.” வாய்ப்பு உள்ளது! எதையும் நேராகச் சொல்லாமல் ஒரு மனிதனைக் கீழே தள்ள எங்கள் தொழிலில் உள்ள சொல் அது. கழற்றிய பில்டர் எங்கே என்று நான் கேட்கவே இல்லை. சான்றுப் பொருளைக் கேட்காத விசாரணையை வேறொருவர் நடத்தியிருந்தால் நீதிமன்றத்தில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

நீங்கள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். வெளியே யாரோ ஒருவருடைய லாரியை ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். சங்க லாரி தெருவில் வந்தால் வீட்டுக்குள் போய்விடுவீர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். உங்கள் மனைவி கஸ்தூரி அக்கா அன்றிலிருந்து சங்க வண்டியில் ஒரு கூடை நண்டும் ஏற்றியதில்லை. இன்றுவரை பஸ்ஸில்தான் பொன்னேரிக்குத் தூக்கிப் போகிறார். கண்டக்டர் வாசனைக்கு முகம் சுளிப்பதை அதே பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒரு காலையில் உங்கள் மூச்சு நின்றது. இருதயம் என்றார்கள். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குச் சான்று இல்லை. முடிச்சு இல்லை என்று சொல்லவும் சான்று இல்லை.

போன வாரம் சங்கத்துக்குக் கருத்து எழுதினேன். “கழுவும் பில்டர் சாம்பல் சாலைக்குப் பொருந்தாது. முன்பு நடந்த பழுதுக்கு ஓட்டுநரைக் காட்டிலும் பில்டரின் வகையே காரணம் என்று கருத இடமுண்டு.” எழுதி முடித்தபோது திருப்தியாகக்கூட இருந்தது. உங்கள் பெயரும் தேறும், என் பெயரும் தப்பும். அதை எடுத்துக்கொண்டு கஸ்தூரி அக்காவிடம் போனேன். நன்றி எதிர்பார்த்துப் போனேன் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

அக்கா வாசலில் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், உங்கள் காக்கிச் சட்டையில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அந்தப் பில்டர். மெக்கானிக்கிடமிருந்து நீங்கள் வாங்கி வைத்தது. மேலெல்லாம் சாம்பல். மடிப்பைப் பிரித்தால் உள்ளே வெள்ளைத் துணி. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

“பாத்தியா தம்பி? இத்த எடுத்துனு போய் கூட்டத்துல போடுய்யானு நான் கத்துனேன். ‘வனஜா வாழற வூடு. வேணாம். மாப்ள ஒரு நாள் தானா வருவான்’னாரு. இப்ப வந்துட்ட. வந்தும் இன்னா எழுதிகினு வந்துகிற? இந்தத் துணி மேல பழியப் போட்டுகினு. இது இன்னா பண்ணுச்சு உன்ன?”

அந்தக் கருத்தை அங்கேயே கிழித்தேன்.

எத்தனை நாள் எனக்காகக் காத்திருந்தீர்கள், மச்சான்? பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது என் தட்டில் மீன் துண்டை எடுத்து வைத்தீர்களே, அப்போதும் காத்திருந்தீர்களா? நான் பேசுவேன் என்று எதை வைத்து நம்பினீர்கள்?

அன்றே வனஜாவிடம் சொன்னேன். அழவில்லை. “எங்கண்ணன குளிப்பாட்டத் தண்ணி மொண்டு குடுத்தியே. அப்பவும் உனக்குத் தெரியும் இல்ல?” என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைவு.

சங்கம் கேட்ட கேள்விக்கு இப்போது என் பதில். காகிதம் போடுங்கள். அதைக் கழுவாதீர்கள், காற்றடித்து மறுபடி மாட்டாதீர்கள், அழுக்கானால் மாற்றுங்கள். துணிதான் வேண்டும் என்றால் இரண்டாக வாங்குங்கள்; ஒன்று நிதானமாகக் காயட்டும். கழுவுவதும் எண்ணெய் தடவுவதும் ஓட்டுநர் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும், பெட்டியைத் திறக்கும் உரிமையும் அவருக்கே இருக்கட்டும். நான் எழுதிய அந்த விதியை நீக்குங்கள். துணி பில்டர் மீது எந்தக் குற்றமும் இல்லை. தேசிங்கு மீதும் இல்லை. இன்ஜின் கெட்டது என்னால்.

மச்சான், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பில்டரை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் படிக்கத் தொடங்குவேன். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு நேரே இருக்கும் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை அடித்து, என் பெயரை எழுதி, அதற்கு நேரே ‘பொய்’ என்று என் கையாலேயே எழுதுவேன். ஆலோசகர் பொறுப்பிலிருந்து அன்றே விலகுவேன். சங்கம் வேறு என்ன முடிவு செய்தாலும் எதிர்வாதம் செய்ய மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. இதையும் சாட்சி வைத்தே தருகிறேன், ஏனென்றால் என் சொல் மட்டும் இனிப் போதாது.

சாட்சிக் கையெழுத்துக்காக நேற்று அக்காவிடம் போனேன். பேனாவை வாங்கவில்லை. “நீ கூட்டத்துல நின்னு கடைசி வரி வரைக்கும் படி. அப்பறம் போடறேன். வேலைய முடிக்கறதுக்கு முன்னாடியே கையெழுத்து போடறது உன் பழக்கம், என்னுது இல்ல.”

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன், நீங்கள் மாப்ள என்று அழைத்த
கு. தயாளன்

சாட்சிகள்:

1. வனஜா, தேசிங்குவின் தங்கை. (கையெழுத்து)

2. கஸ்தூரி, தேசிங்குவின் மனைவி. (நான் படித்து முடிக்கும் வரை இந்த இடம் காலி.)