இடது பட்டனில் ஒரு தீக்குச்சி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. வியாழக்கிழமை ரயிலில் மச்சான் ஊருக்கு வருகிறார். அவருக்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துசேர வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

நீ மச்சானுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். அவர் காட்டவில்லை. தலையணைக்கு அடியில் இருந்தது, நான்தான் திருட்டுத்தனமாக எடுத்தேன். "உங்களுக்குக் கண்ணு என்ன பிடரியிலயா இருந்துச்சு, மெஷினுக்குள்ள யாராவது கைய விடுவாங்களா" என்று கேட்டிருக்கிறாய். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன் அக்கா அவர். உனக்குத் தெரியாதா?

கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பார்த்ததும் பதறாதே. இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுவிட்டன. மோதிர விரல் இருக்கிறது, ஆனால் உள்பக்கமாக மடங்கி நிற்கிறது. தினமும் வெந்நீரில் வைத்து மெல்ல மெல்ல நீட்டிவிட்டால் நிமிரும், விட்டுவிட்டால் அப்படியே இறுகிப்போகும் என்கிறார் டாக்டர். மச்சான் செய்வதில்லை. கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சட்டையை நான்தான் மாட்டிவிடுகிறேன். "என் பொண்டாட்டிகூட இப்படிச் சட்டை மாட்டிவிட்டதில்லடா" என்று முதல் நாள் கிண்டல் செய்தார். இப்போது அதுவும் இல்லை.

இனி, எழுதவேண்டியதை எழுதுகிறேன். நாங்கள் டப்பா மூடி அடிக்கிற மெஷினில் இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் அச்சு கீழே இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. வேலை சீக்கிரம் ஓட, எங்களில் சிலபேர் இடது பட்டனை அமுக்கி அதன் இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் சொருகிவிடுவோம். அப்புறம் வலது பட்டன் மட்டும் போதும். மச்சான் அதைச் செய்யவே மாட்டார். "சோம்பேறிப் பயலே, கை போனா திரும்ப முளைக்குமாடா" என்று என் மெஷினிலிருந்து எத்தனை குச்சியைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்!

அன்றைக்குக் காலையிலும் பிடுங்கினார். அவர் தலை மறைந்ததும் நான் திரும்பச் சொருகினேன்.

மத்தியானம் எனக்குப் பல்வலி. மருந்துக்கடைக்குப் போய் வருகிறேன் என்று அவரை என் மெஷினில் நிற்கச் சொன்னேன். குச்சியை எடுக்க மறந்துபோனேன். தகடு கோணலாக விழுந்திருக்கிறது. வலது கை பட்டன் மேலேயே இருக்க, இடது கையால் அதைச் சரிசெய்யப் போயிருக்கிறார்; அந்த அசைவில் வலது கை அமுங்க, அச்சு இறங்கிவிட்டது. காலையில் தானே பிடுங்கிய குச்சி அங்கே இருக்காது என்று நம்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

நான் வந்தபோது சூப்பர்வைசர் அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டு யார் வைத்தது என்று கத்திக்கொண்டிருந்தார். மச்சான் கையில் சுற்றியிருந்த துணியெல்லாம் ரத்தம். என்னை ஒரு பார்வை பார்த்தார். "நான்தான் வெச்சேன்" என்றார். வேலை போய்விடுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை அக்கா. இன்றுவரை அதே மெஷினில்தான் நிற்கிறேன்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று மச்சான் சத்தியம் வாங்கியிருக்கிறார். மீறிவிட்டேன். இதைத் தபாலில் போட்டுவிட்டு, நேரே சூப்பர்வைசரிடமும் போய்ச் சொல்லப் போகிறேன்.

வந்தவரைத் திட்டாதே. தினமும் அந்த விரலைப் பிடித்து நீட்டிவிடு. வலிக்கிறது என்று கத்துவார், விட்டுவிடாதே. உனக்கும் ஆத்திரம் வரும், அழுகை வரும். அப்போதெல்லாம் என்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நீட்டு. அது நிமிர்ந்தால் மட்டும் எனக்கு ஒரு வரி எழுது.

மன்னிப்புக் கேட்கவும் வாய் வராத,
உன் தம்பி