தட்டினால்தான் பேசும் இறக்கை

மார்ச் 4

அன்புள்ள மாமாவுக்கு,

விமானச் சோதனை நிலையத்துக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். வாயிலிலேயே கைபேசியை வாங்கி இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சோதனை முடிந்து வெளியே போகும்போதுதான் தருவார்களாம். கடிதம் எழுதிக் கொடுத்தால் காவலர் அனுப்பி வைக்கிறார். ஆகவே உங்கள் மருமகளின் கோழிக் கிறுக்கலைக் கொஞ்ச நாள் நீங்கள் சகித்துக்கொள்ள வேண்டும்.

தங்கும் அறை பரவாயில்லை. ஜன்னல் சரியாக மூடாது. ஓடுபாதைப் புழுதி முழுக்க என் தலையணையில்தான். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டதாகச் சொல்லாதீர்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விமான இறக்கைத் தகடுகளை ஓர் இயந்திரம் மேலும் கீழும் வளைக்கிறது. சத்தத்தைக் கேட்டு விரிசலைச் சொல்லும் நம் சென்சார் பட்டையை அவற்றின் மேல் ஒட்டியிருக்கிறேன். நம் பட்டறையில் செய்ததைப் போலவேதான் எல்லாம். அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசலைக்கூடக் கண்டுபிடித்த அதே பட்டை, இங்கே நல்ல தகட்டில் விரிசல் என்கிறது. விரிசல் விட்ட தகட்டில் வாயே திறப்பதில்லை. பட்டையை மாற்றினேன், பசையை மாற்றினேன், கம்பியை மாற்றினேன். இன்னும் என்னைத்தான் மாற்றவில்லை.

அரசு ஆய்வுத் திட்டத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பார். அதனால் பெயரே பார்ப்போம் சார் ஆகிவிட்டது. இந்தச் சோதனையில் தேறினால்தான் நம்மைப் போன்ற சின்னக் கம்பெனிக்கு இரண்டாம் கட்ட நிதி உதவி கிடைக்கும். இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டுதான் என்பது உங்களுக்கே தெரியும். ஏதாவது தோன்றினால் உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

மார்ச் 9

முதன்மை ஆய்வாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கிருக்கும் பட்டைகள் அத்தனையையும் மறுபடி சோதித்தேன். எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. விரிசல் தகட்டை விரிசல் என்கின்றன, நல்லதை நல்லது என்கின்றன. அங்கே மட்டும் ஏன் இந்தக் குளறுபடி என்று எனக்கும் விளங்கவில்லை.

இன்னொரு செய்தி. வக்கீல் நேற்று தொலைபேசியில் பேசினார். தங்களுக்கும் என் மகனுக்குமான விவாகரத்து முடிந்துவிட்டதாம். தங்களுக்கும் தனியாகச் செய்தி வரும்.

மூன்றாவது. தங்களை வேலைக்கு அழைத்த பெரிய விமானக் கம்பெனியிலிருந்து அந்த அம்மையார் மறுபடி கூப்பிட்டார். தங்களுக்கான வேலை இன்னும் காலியாகவே இருக்கிறதாம். தாங்கள் அதை ஏற்றுக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். அரசு விதிப்படி முதன்மை ஆய்வாளர் முழுநேரமும் நம் கம்பெனியில்தான் இருக்க வேண்டும். தாங்கள் போனால் உதவி நின்றுவிடும். அதை நினைத்துத் தயங்க வேண்டாம். இந்த வயதில் எனக்கு எதற்குப் பட்டறை?

புழுதியில் படுக்காதே. ஜன்னல் இடுக்கில் பழைய துணியைச் செருகு.

இப்படிக்கு,
பங்குதாரர்

மார்ச் 13

அன்புள்ள மாமா,

யார் அந்த முதன்மை ஆய்வாளர்? எனக்கு அப்படி யாரையும் தெரியாது. கடிதம் முழுக்கத் தாங்கள், தங்கள் என்று எழுதிவிட்டுக் கடைசி இரண்டு வரியில் மட்டும் பழைய மாமா எட்டிப் பார்க்கிறார். நான் என்ன தப்பு செய்தேன்? உங்கள் மகனோடு எனக்கு ஒத்துவரவில்லை. அதற்கு நீங்கள் ஏன் என்னிடம் அரசு அலுவலகம் மாதிரி பேசுகிறீர்கள்? படித்துவிட்டு அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. இப்போது எது எதற்கென்றே குழப்பமாக இருக்கிறது.

ஆனால் அந்தக் கோபத்தில்தான் ஒன்று பிடிபட்டது. நீங்கள் சோதித்தால் சரியாக வருகிறது, நான் சோதித்தால் வரவில்லை. அப்படியானால் நீங்கள் ஏதோ செய்கிறீர்கள். பட்டறையில் சோதனை ஆரம்பிப்பதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். நான் கணினி முன்னால் உட்காருவேன். நீங்கள் தகட்டுக்குப் பக்கத்தில் நிற்பீர்கள். விரல் முட்டியால் தகட்டை இரண்டு தட்டு தட்டுவீர்கள், யார் வீட்டுக் கதவையோ தட்டுகிற மாதிரி. அப்புறம், "ம், ஆரம்பி" என்பீர்கள்.

ஓடிப்போய்த் தட்டினேன் மாமா. விரிசல் தகடு விரிசல் என்றது. நல்ல தகட்டைத் தட்டினேன். நல்லது என்றது.

முதலில் சிரித்தேன். பிறகுதான் விபரீதம் புரிந்தது. விமானம் பறக்கும்போது இந்தப் பட்டை தானாகவே கேட்டுக் கண்டுபிடிக்கும் என்று சொல்லித்தானே முதல் கட்ட உதவியை வாங்கினோம்? அது தானாக எதையும் கேட்கவே இல்லை. உங்கள் தட்டல் தகட்டுக்குள் ஓடுகிற சத்தத்தைத்தான் இத்தனை நாளும் கேட்டிருக்கிறது. பார்ப்போம் சாருக்கு இன்னும் தெரியாது. அவர் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் நான் தட்டிக்கொண்டே இருந்தால் சோதனையில் தேறிவிடலாம். என்ன செய்யட்டும்?

உங்கள் மருமகள் (எந்தக் கோர்ட்டு என்ன சொன்னாலும்)

மார்ச் 18

அன்புள்ள அம்மா,

தட்டினேனா? நம்பவே முடியவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சும்மா ஒரு சோதனை போட்டுப் பார்த்தேன். கை தானாகப் போய்த் தட்டிவிட்டது! விமானக் கொட்டகையில் பழுது பார்த்த காலத்தில் தட்டித் தட்டித்தான் தகட்டின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்போம். அந்தப் பழக்கம் என்னைக் கேட்காமலே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் நம் ஆராய்ச்சியைக் கெடுத்தேனா, காப்பாற்றினேனா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று தெரியும். அவர் டீ குடிக்கப் போகும்போது தட்டாதே. அந்த இறக்கையை நம்பி நாளைக்கு ஆள் உட்கார்ந்து போவார்கள். அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு. பட்டறை போனால் போகட்டும்.

மற்ற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் புருஷன், இல்லை, என் மகன், நான் போன கடிதம் எழுதுவதற்கு முந்தின நாள் வந்திருந்தான். உன் மேசையைப் பார்த்தான். மேலே உன் கண்ணாடி, உன் குடை, உன் சால்வை. "அப்பா, எல்லாம் முடிஞ்சு போச்சு. அவளை ஏன் இன்னும் பிடிச்சு வச்சிருக்கீங்க? அவ உங்களுக்கு யாரு?" என்று கேட்டான்.

சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவன் அமைதியாகக் கேட்டான். அவன் போனதும் யோசித்துப் பார்த்தேன். நீ மருமகளாக வந்தாய். மகளைப் போல என்று சொல்லலாம், ஆனால் மகளுக்குத் தகப்பனை விட்டுப் போகும் உரிமை இருக்கிறது. நீ எனக்காகத் தயங்கி உன் வாழ்க்கையைத் தொலைத்துவிடுவாயோ என்று பயமாக இருந்தது. அதனால்தான் அந்தத் தாங்கள், தங்கள் எல்லாம். எழுதும்போது எனக்கே வாய் கசந்தது. நீ போ அம்மா. நல்ல வேலை, நல்ல சம்பளம். நான் சமாளித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
என்ன போடுவதென்று தெரியாத நான்

மார்ச் 23

அன்புள்ள மாமா,

சொல்லிவிட்டேன். பார்ப்போம் சாரை நிற்க வைத்து, தட்டாமல் ஒரு தடவை, தட்டி ஒரு தடவை காட்டினேன். முதல் முறையாக அவர் "பார்ப்போம்" என்று சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரிம்மா, பறக்கும்போது யாரு உட்கார்ந்து தட்டுறது?" என்று கேட்டார். பட்டையோடு சின்னதாக ஒரு தட்டும் கருவியையும் சேர்க்க முடியும் என்றேன். செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் கட்டம் உண்டா என்று கேட்டேன். அதற்கு மட்டும் "பார்ப்போம்" என்றார். ஆக, உதவி வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கருவியை எப்படிச் செய்வது என்றும் தெரியாது. முட்டியால் தட்டுவதை ஓர் இயந்திரத்துக்குச் சொல்லித்தர, தட்டிய ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பெரிய கம்பெனிக்கு வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன். உங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இல்லை. அதை மட்டும் நினைத்துவிடாதீர்கள், கெட்ட கோபம் வரும். தகட்டைத் தட்டியதும் திரையில் விரிசலைக் காட்டும் கோடு எழுந்தபோது என் வாய் தானாக "மாமா" என்றது. ஒரு பெரிய கொட்டகையில் நின்றுகொண்டு, பக்கத்தில் இல்லாத ஆளைக் கூப்பிட்டேன். இந்த வேலையை வேறு யாரோடும் செய்ய எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் மகன் கேட்டதை நானும் யோசித்தேன். நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் கோர்ட்டில் என்னைக் கேட்டபோது, அவரோடு வாழ முடியவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். உங்களைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்களை விடமாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை மாலை ரயிலில் வருகிறேன். கருவிப் பெட்டி கனமாக இருக்கிறது, நிலையத்துக்கு வந்துவிடுங்கள். யாரைக் கூட்டிப் போக வந்தீர்கள் என்று எவராவது கேட்டால், எது வாயில் வருகிறதோ அதைச் சொல்லுங்கள். நான் பின்னால் வந்து ஆமாம் என்று சொல்கிறேன்.

இப்படிக்கு,
நான்