கீழே போட்ட கம்பி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பிறகு கேட்க எனக்கு வாய் வராது.

பன்னிரண்டு நாளாக நீ போனை எடுக்கவில்லை. வாயைத் திறக்காதே என்று நம் ஆபீஸ் முதலாளி உனக்கும் சொல்லியிருப்பார். அதனால்தான் கடிதம். போனைப் போல இதை அடிக்க விட்டுவிட முடியாது, ஒருமுறையாவது பிரித்துத்தான் ஆக வேண்டும்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "என்னடி இப்படிக் கிழவியாயிட்டே" என்றார். நர்சுகள்கூடச் சிரித்துவிட்டார்கள். சொட்டு மருந்தை நான்தான் ஊற்றுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீயும் நானும் டிராயிங் போட்ட நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி பால்கனி விழுந்ததும், நம் கம்பி மேஸ்திரி இறந்ததும் உனக்குத் தெரியும். எப்படி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்று சென்டரிங் பலகையும் முட்டும் பிரிக்கிற ஆள் ஒருவர் வரவில்லை. நான் எடுத்துத் தர்றேன் என்று மேஸ்திரியே கீழ் மாடி பால்கனியில் நின்று முட்டுக்கட்டைகளைத் தட்டி எடுத்திருக்கிறார். கடைசிக் கட்டையை உருவியதும் பால்கனி சுவரோரம் மடங்கி, அப்படியே அவர்மேல் இறங்கிவிட்டது. தூக்க ஒன்றரை மணி நேரம் ஆனதாம்.

பால்கனி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. பாரம் ஏறினால் மேல்பக்கம்தான் இழுபடும், அதனால் முக்கியமான கம்பி மேலே இருக்க வேண்டும். முதல் வருஷப் பாடம் இது. இன்ஜினியர் கொடுத்த கணக்குத்தாளில் சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் மாடிக்கு மட்டும் பால்கனியை அகலமாக்கச் சொன்னது உனக்கு விசா வந்த வாரம். நீ அவசரத்தில், கம்பி கீழே வருகிற அறைத் தளத்துக்குப் போட்ட பழைய செக்ஷன் படத்தைக் காப்பி எடுத்து ஒட்டி, பெயரை மட்டும் 'பால்கனி' என்று மாற்றிவிட்டாய். கம்பி கீழேயே இருந்துவிட்டது. 'சரிபார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். தம்பி போட்டதுதானே என்று பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் முழுத்தாளாகப் பார்த்தால் எல்லாக் கோடும் அழகாகத்தான் இருக்கும்.

மேஸ்திரி அந்தப் பிரிண்டைச் சுருட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாரே, நினைவிருக்கிறதா? "தம்பி, கீழ் மாடிலெல்லாம் கம்பி மேல வந்துச்சு, இதுல கீழ இருக்கே, ஒரு வாட்டி பாருங்க" என்றார். நீ திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "கம்ப்யூட்டர்ல போட்டது தப்பாகுமா மேஸ்திரி? இருக்கறபடி கட்டுங்க" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் உன் பெட்டிக்குப் பூட்டு வாங்குவதைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். சரி, போங்க என்று கையை ஆட்டினேன்.

விபத்து நடந்த அன்று மத்தியானமே முதலாளி என்னைக் கூப்பிட்டார். "டிராயிங்ல கம்பியை மேல ஏத்தி, தேதியைப் பழசாக்கிடும்மா. செத்தவனா வந்து சாட்சி சொல்லப்போறான்? உன் தம்பி பொழப்பும் இதுலதான் இருக்கு" என்றார். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பின்னால் தள்ளினேன். கம்பிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, மிரர் கொடுத்து மேலே புரட்டி, சேவ் செய்தேன். ஒரு தும்மல் போடும் நேரம்தான் ஆயிற்று. சைட்டில் இருந்த பழைய பிரிண்டுகளை முதலாளி ஆள்விட்டுப் பொறுக்கிவிட்டார்.

டிராயிங் சரி, கட்டியவன்மேல்தான் தவறு என்று விசாரணையில் எழுதினார்கள். குடித்துவிட்டுக் கட்டினான் என்று ஒருவன் கிளப்பிவிட, ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. டீக்கு மேல் எதையும் தொடாத மனுஷன் அவர்.

போன வெள்ளிக்கிழமை மேஸ்திரியின் மனைவி நம் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பிரிண்ட். மேஸ்திரி தன் சட்டைகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்தாராம். மூலையெல்லாம் சிமென்ட். அந்தச் செக்ஷனைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. "எனக்கு இதெல்லாம் படிக்கத் தெரியாதும்மா. அவரு எங்க தப்புப் பண்ணாருன்னு காட்டுங்க. எம் பொண்ணு கேக்குறா, நான் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்ய ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு அவர் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின்மேல் வைத்தேன். இது மேலே இருந்திருக்க வேண்டும், மேஸ்திரி மேல் தப்பே இல்லை, இது என் கையெழுத்து என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். "அப்ப அவரு கேட்டது சரிதானா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

திங்கட்கிழமை இருவருமாகப் போய் விசாரணை அதிகாரியிடம் அந்தத் தாளைக் கொடுத்தோம். ஃபைலை மாற்றியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். வரைந்தது யார், மேஸ்திரியைத் திருப்பி அனுப்பியது யார் என்று கேட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உன் பெயரைச் சொன்னேன். முதலாளியை அன்று மாலையே போலீசார் அழைத்துப் போனார்கள். மேஸ்திரி மேல் குற்றமில்லை என்று திருத்தி எழுதப்போகிறார்கள். என்மேல் வழக்கு உண்டு, உள்ளே போக வேண்டியிருக்கும் என்கிறார் வக்கீல்.

கூடப் பிறந்தவளே காட்டிக்கொடுத்தாள் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். எனக்கு மறுப்பதற்கு ஒன்றுமில்லை. அப்பாவிடம் நேற்றுத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் வருவானா?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

உன் கம்பெனிக்கு விசாரணை அதிகாரியின் கடிதம் வருமுன் நீயாக வந்துவிடு, தம்பி. அங்கேயே இருந்துவிட்டால் உன்னை யாரும் பிடிக்காமலும் போகலாம். ஆனால் கட்டடம் வரைகிற கை உன்னுடையது. ஒவ்வொரு கோடு போடும்போதும் மேஸ்திரி கேட்டது காதில் விழும்.

நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இரு. எந்த விமானம் என்று மட்டும் எழுது. நான் வந்து நிற்கிறேன். அங்கிருந்து சேர்ந்தே அந்த அதிகாரியிடம் போவோம்.

உன்மேல் கோபமில்லாத,
அக்கா