வாசலுக்குக் குறுக்கே

கார்ஹிங், ஜெர்மனி, நவம்பர் 2006, செவ்வாய் இரவு

நித்திரை வரவில்லை. காலையில் எங்கள் கம்பெனியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இகோர் நின்றார். மாஸ்கோவிலிருந்து வந்து, ஒற்றை அறையில் இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர். பேச்சை எழுத்தாக்கும் எங்கள் மென்பொருள் அவருடைய மூளையில் பிறந்தது. நேற்று முதலீட்டாளர்கள் கூடி அவரையே நீக்கிவிட்டார்கள். கதவு அவருடைய நுழைவு அட்டைக்குத் திறக்கவில்லை.

ரஷ்யர்கள் வாசலுக்குக் குறுக்கே கைகொடுக்க மாட்டார்கள், உறவு முறிந்துவிடுமாம். என்னை வேலைக்கு எடுத்த அன்று நான் வெளியே நின்று நீட்டிய கையை அவர் தொடவில்லை. தோளைப் பிடித்து உள்ளே இழுத்த பிறகுதான் கைகொடுத்தார்.

இன்று கதவைத் திறந்தது நான். அவரை உள்ளே விடக்கூடாதென்று உத்தரவு. உள்ளே விட ஏலாது என்பதை ஜெர்மன் மொழியில் எப்படியோ சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. வெளியே நின்றபடியே கையை நீட்டினார். நானும் உள்ளே நின்றபடியே கொடுத்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். "நீங்கள் வெளியில இறங்கிப் போய்க் கை குடுத்திருக்கலாமே," என்றாள்.

ஓம், அவள் சொன்னது உண்மை. ஓரடிதான். வெளியே போக வேண்டாமென்று எனக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.