வாரம் ஒரு மாத்திரையும் பேனரில் என் படமும்

அனுப்புநர்:
பா. கோவிந்தம்மாள்,
மாரியம்மன் கோயில் தெரு, ஒலக்கூர் சாலை,
திண்டிவனம் வட்டம்.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம்,
விழுப்புரம்.

பொருள்: மாத்திரை விளக்கம் தமிழில் தருவதாக என் படத்தைப் போட்டு விளம்பரம் செய்துவிட்டுத் தராமல் விட்டது, அதனால் என் நாத்தனார் ஆஸ்பத்திரியில் கிடப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மூத்த பேத்தி சங்கவி சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பேரன் வெற்றிவேல் மாவட்டத்துக்காகக் கபடி ஆடிக் கோப்பை வாங்கியவன். சின்னப் பேத்தி தேவயானி பத்தாவதில் பள்ளிக்கே முதலாக வந்தாள். நான் ஐந்தாவது வரை படித்தவள்; தமிழில் எது இருந்தாலும் படிப்பேன். இதை முதலில் எழுதக் காரணம் உண்டு, கீழே வரும்.

1. திண்டிவனத்தில் செல்வகுமார் என்பவரின் மருந்துக் கடையில் மாத்திரையோடு பெரிய எழுத்தில் தமிழ்த் தாள் ஒன்றும் கொடுத்து வந்தார்கள். எதற்கு, எப்போது, என்ன ஆனால் டாக்டரிடம் ஓட வேண்டும் என்று எல்லாம் இருக்கும். எங்கள் தெருப் பெண்களுக்கு நான்தான் படித்துச் சொல்வேன். அதைக் கேள்விப்பட்டு அவரே வீடு தேடி வந்து என்னைப் படம் எடுத்தார். கையில் தாளோடு நான் சிரிக்கும் படம் கடை வாசலில் பேனராக நிற்கிறது. 'புரிந்து சாப்பிடுங்கள், விளக்கம் தமிழில்' என்று கீழே போட்டிருக்கிறது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2. பிறகு தாள் தருவது நின்றுவிட்டது. பேனரை மட்டும் எடுக்கவில்லை, இன்றும் இருக்கிறது.

3. என் நாத்தனார் சின்னபொண்ணுக்கு மூட்டெல்லாம் வீங்கி முடக்குவாதம். டாக்டர் எழுதிய மாத்திரையை அந்தக் கடையில்தான் வாங்கினாள். உறையில் 'காலை' என்பதற்கு நேரே ஒரு கோடு, அவ்வளவுதான். நான் தமிழ்த் தாள் கேட்டேன். "எல்லாம் கவர்லயே போட்டுக்குது ஆயா, ஜல்தி நகருங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றார் செல்வகுமார். டப்பாவுக்குள் இருந்த தாள் முழுக்க இங்கிலீஷ். மெல்லிசாக இருக்கிறதே என்று இரும்பை ஊர்ச் சிவன் கோயில் விபூதியை அதில் மடித்து வைத்தோம். தினமும் காலையில் அந்த விபூதியைப் பூசிக்கொண்டுதான் அவள் மாத்திரையை விழுங்கினாள்.

4. வாயெல்லாம் வெந்து புண்ணாகி, கேப்பைக் கூழ்கூட இறங்காமல் போய், விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிட்டதாம். மாத்திரையோடு வந்த தாள் எங்கே என்று டாக்டரம்மா கேட்டார். சுருக்குப் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தேன். விபூதியை என் கையில் கொட்டிவிட்டுத் தாளை விரித்து, கட்டம் கட்டி அச்சிட்டிருந்த இடத்தைக் காட்டினார். "வாரத்துக்கு ஒரு நாள்தாம்மா. தினமும் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்துன்னு போட்டிருக்கு." ஐயா, சின்னபொண்ணு பெருமாளுக்குச் சனிக்கிழமை விரதம் தவறாதவள். வாரம் ஒரு நாள் என்று தமிழில் ஒரு வரி இருந்திருந்தால் அவளா மறந்திருப்பாள்?

5. கடைக்குப் போய்க் கேட்டேன். "பேரப்பசங்க அப்படிப் படிக்குது இப்படிப் படிக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறீங்களே ஆயா, அதுங்கள வுட்டுப் படிக்கச் சொல்றதுதான?" என்றார் செல்வகுமார். நின்றவர்கள் சிரித்தார்கள். என் தலைக்கு மேலே பேனரில் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் படிப்பை முதலில் எழுதியது இதற்காகத்தான். அவர் சொல்ல வேண்டியதை அவர் சொல்லாமல் விடுவதற்காக அவர்கள் படிக்கவில்லை.

6. சின்னபொண்ணு இன்னும் வார்டில்தான் இருக்கிறாள். புண்ணான வாயால் ஒன்றுதான் சொன்னாள்: "ஒன் போட்டோ சிரிச்சிக்கினு இருந்துச்சே அண்ணி, அத நம்பித்தான் அங்க போனேன்." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகவே ஐயா அவர்கள் அந்தக் கடையை நேரில் விசாரித்து, இதே மாத்திரையை வாங்கிப் போன மற்றவர்களைத் தேடி உடனே சொல்லவும், இனி தமிழில் விளக்காமல் கொடுக்கக் கூடாதென உத்தரவிடவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

என் படத்தை இறக்கச் சொல்லுங்கள். ஆனால் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டாம். என் முகத்தை நம்பி இன்னும் ஆட்கள் வருவார்கள். தேவயானி எடுத்த புதுப் படம் ஒன்றை இணைத்துள்ளேன். அதில் நான் சிரிக்கவில்லை. கையில் அந்த இங்கிலீஷ் தாள், மடிப்பில் விபூதி ஒட்டியிருக்கிறது. 'இது எனக்குப் புரியவில்லை. கேட்டேன், சொல்லவில்லை' என்று கீழே என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதை அங்கே ஒட்டச் செய்யுங்கள்.

இடம்: திண்டிவனம்
நாள்: 12.06.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
பா. கோவிந்தம்மாள்

இணைப்பு: புதுப் படம், மருந்துத் தாளின் நகல்