கழுவாத சாம்பல்

என் அருமை அத்தான்,

இப்போது எந்தக் கரையில் குனிந்து எந்தக் கல்லைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறீர்களோ, கொஞ்சம் நிமிர்ந்து இதைக் கேளுங்கள். உங்களுக்கு எழுத்து தெரியாது. அதனால் மிஷன் பள்ளியில் நான் படித்த மூன்று வகுப்பை வைத்து எழுதி, நம் சூளை மேட்டில் நின்று நானே உரக்கப் படிக்கிறேன். தெருவே கூடி நிற்கிறது. கேட்டுவிட்டுப் போகட்டும். அக்கா புருஷனும் மச்சினனும் சேர்ந்த பைத்தியங்கள் என்று நம்மைச் சொன்னதும் இதே தெருதானே?

உங்களிடம் சொல்ல ஒரு பெரிய சேதி இருக்கிறது. ஆனால் வரிசையாகச் சொல்கிறேன். அப்போதுதான் நான் செய்த தவறும் விளங்கும்.

டில்லியில் சக்கரவர்த்திக்கு முடிசூட்டிய வருஷம், ஏரல் கடைத்தெருவில் அண்ணாச்சி ஒருவர் ஊறுகாய் போட ஒரு சீனச் சாடி வாங்கி வைத்தார். தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்த சாடி. நீங்கள் அதன் மேல் விரலை ஓட்டிவிட்டு, வாங்க வந்த சாமானையே மறந்து நின்றீர்கள். "மண்ணுதான் மாப்ளே, உள்ள இருக்கது நம்ம மண்ணு மாதிரி மண்ணுதான். அதுக்கு மேல கண்ணாடி எப்படி ஏறிச்சு?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி அன்றிலிருந்து நம்மைத் தூங்கவிடவில்லை.

மேலப்பாளையத்தில் கண்ணாடி வளையல் காய்ச்சிப் பழகிய ஒரு பாய்தான் வழி சொன்னார். வெள்ளைக்கல் பொடி, கொஞ்சம் சுண்ணாம்பு, உப்பு நிலத்தில் முளைக்கிற உமரிச் செடியின் சாம்பல். அவ்வளவுதான் கண்ணாடி என்றார். நீங்கள் நாங்குநேரிப் பக்கத்துக் காடுகளில் வெள்ளைக்கல் பொறுக்கினீர்கள். நான் உமரிக்காட்டுக்கும் அதற்குக் கிழக்கே கழிமுகத்துக்கும் போய் உமரி அறுத்துக் காயவைத்து எரித்தேன். நிறத்துக்குத் தேரி மேட்டுச் செம்மணல். கல்லை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டதும் அது பொரிபொரியாக விண்டு நின்றதே, அதைப் பார்த்து நீங்கள் கை கூப்பினீர்கள். நான் சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சிரிக்கத்தான் தெரிந்தது.

இரண்டு வருஷம், எத்தனை சூளை! ஒன்றிலும் கண்ணாடி ஏறவில்லை. நாம் வனைந்து பூசிய கிண்ணத்தின் மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாக உதிர்ந்தது.

உதிர்ந்ததற்குக் காரணம் என் நாக்கு, அத்தான்.

நம் சாதித் தொழிலில் குளத்து மண்ணை எடுத்ததும் நாக்கில் வைத்துப் பார்ப்போம். உப்புக் கரித்தால் அந்த மண் ஆகாது, பானை பூத்து உதிர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தில் சாம்பலையும் கரைத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. கழுவினேன். மறுபடி கரித்தது. மறுபடி கழுவினேன். சப்பென்று ஆகும்வரை ஏழெட்டுத் தண்ணீர். நீங்கள் ஒருநாள், "உறைக்குதுன்னா அதுல ஏதோ உசிரு இருக்குன்னுலா அர்த்தம்? அத ஏன் மாப்ளே கொட்டுத?" என்று கேட்டீர்கள். "சும்மா கிடங்க அத்தான், உப்பு மண்ணுக்கு எமன்" என்று உங்கள் வாயை அடைத்தேன்.

அடுத்த சூளைக்குக் கல் வேண்டும் என்று ஐப்பசி அடைமழையில் நாங்குநேரிக்குப் போனீர்கள். வண்டியில் ஒரு மூட்டைக் கல்லும் குளிர்காய்ச்சலுமாக வந்து இறங்கினீர்கள். எட்டாம் நாள் நீங்கள் இல்லை.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "கல்லுக்கு அனுப்பிக் கொன்னுட்டான்" என்று காரியத்தன்று எல்லார் முன்பும் சொன்னதுதான் கடைசி. பத்து மாதம் நான் வாசலுக்குப் போனால் அவள் புறவாசலுக்குப் போவாள். கூடப் பிறந்தவள் முகம் திருப்பினால் சோறு இறங்குமா, சொல்லுங்கள்.

போன மாதம் ஆற்றில் மண் வண்டி மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தள்ளி அக்கா துணி துவைத்தபடி பக்கத்து வீட்டுக்காரியிடம் அலுத்துக்கொண்டாள். "என்ன அடிச்சாலும் அழுக்கு போகமாட்டேங்குது. அவுக இருந்தப்ப உமரிச் சாம்பல் கழுவுன தண்ணி கிடைக்கும். அதுல முக்கி வச்சா எண்ணெய்ப் பிசுக்குகூடக் கரைஞ்சு ஓடிரும். கையெல்லாம் எரியும், அம்புட்டுக் காரம்."

மாட்டை விட்டுவிட்டு அப்படியே தண்ணீரில் நின்றேன். பிசுக்கையே கரைக்கிற அந்தக் காரம்தானே கல்லையும் கரைக்க வேண்டும்? அதை இரண்டு வருஷமாக அக்காவின் துணிக்கு ஊற்றிவிட்டு, வெறும் சக்கையைக் கிண்ணத்தில் பூசியிருக்கிறேன்.

உங்கள் கடைசிக் கல் மூட்டை அக்கா வீட்டில் இருந்தது. போய்க் கேட்டேன். அவள் உள்ளே போய் இழுத்து வந்து என் காலடியில் போட்டாள். புதிதாக எரித்த சாம்பலை நாக்கில் வைத்தேன். சுரீர் என்றது. கழுவவில்லை. அப்படியே கல்பொடி, சுண்ணாம்பு, செம்மணலோடு கஞ்சித்தண்ணீர் விட்டுக் குழைத்துப் பத்துக் கிண்ணத்தில் பூசினேன்.

காலையில் சூளையைப் பிரித்தேன். எட்டுக் கிண்ணம் ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிட்டது. ஒன்று விண்டிருந்தது. பத்தாவதைச் சாம்பலிலிருந்து எடுத்துத் துடைத்தேன். அத்தான், அது கருப்பட்டிப் பாகு நிறத்தில் மின்னியது. உள்ளே வானம் தெரிந்தது. என் முகம் தெரிந்தது. நாங்குநேரிக் கல், கழிமுகத்துச் செடி, தேரி மணல், நம் குளத்து வண்டல்: தினமும் மிதித்துக்கொண்டு நடந்ததெல்லாம் இப்படி ஒன்று கூடும் என்று யார் நினைத்தது? நான் சூளை மண்ணில் விழுந்து கும்பிட்டேன். நீங்கள் அன்று ஏன் கை கூப்பினீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

கிண்ணத்தை அக்கா முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கேட்டதையும், நான் வாயடைத்ததையும்கூட மறைக்கவில்லை. நான் அன்றே கேட்டிருந்தால் நீங்கள் அந்த மழையில் போயிருக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவள் கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். பொழுது சாயும்போது தூக்கி அடியைத் தடவிப் பார்த்தாள். நம் பானை என்றால் வியர்த்திருக்கும். இதில் பொட்டு ஈரம் இல்லை. காய்ந்த விரலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இன்று காலை சூளை மேட்டுக்கு அக்கா வந்தாள். தலையில் ஒரு கட்டு உமரி, முழங்கால் வரை கழிச்சேறு. கட்டை என் முன்னால் இறக்கிப் போட்டாள்.

"ஏலே, இதையாவது கழுவிராத" என்றாள்.

கழுவ மாட்டேன், அத்தான். அடுத்த மூட்டைக் கல்லுக்கு மழை விட்டதும் நானே போவேன். சூளையில் முதலில் வெந்து வருகிற சாடி அக்கா வீட்டில் இருக்கும், அதில் ஊறுகாய் போடுவது அவள் பாடு.

இப்படிக்கு,
உப்பைக் கண்டு பயந்த,
உங்கள் மச்சினன்