ஐம்பத்தொன்பது கிலோ

மார்ச் 4
பாலம் இடிந்த வருஷம் இது. ஒரே வருஷத்தில் இரண்டு தேர்தல். ஜெயித்தவர் வந்ததும் வராததுமாகப் பக்கத்து நாட்டோடு முறைப்பு. எனக்கு டயாலிசிஸ் ஆறாவது வருஷம். எழுத்து தெரியாது, நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

எங்கள் அறையில் நாலு மெஷின். நான், தையல்காரன், லாரிக்காரர், கணக்கு டீச்சர். தையல்காரன் உருகிக்கொண்டே போகிறான். “ஊருக்கே அளவெடுத்தேன், இப்ப என் சட்டையிலே இன்னொரு ஆளும் நுழையலாம் அண்ணே.”

மார்ச் 9, திங்கள்
ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் எல்லாம் செத்துக் கிடக்கின்றன. பாதிக் கடைகளில் பில் போடுகிற சாஃப்ட்வேர்தான் இங்கேயும். நேற்று வந்த அப்டேட்டோடு விஷமும் வந்ததாம். எதிரி நாட்டு வேலையாம். யாரோ யார் மேலோ வைத்த குறி.

மெஷின் உடம்பிலிருந்து தண்ணீர் எடுத்தபின் யாருக்கு எவ்வளவு எடை நிற்க வேண்டும் என்பது கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. நர்ஸுகள் வார்டு வார்டாகப் பேப்பர் தேடி ஓட, டாக்டர் போன வருஷத்து ஃபைலோடு வந்தார். தையல்காரனுக்கு அறுபத்து மூன்று. தராசில் அறுபத்திரண்டு.

“அப்ப இவருக்குத் தண்ணியே எடுக்க வேணாம்.”

“டாக்டர், அது பழசு. வெள்ளிக்கிழமை தண்ணி எடுத்து இறங்கினப்போ, கடையிலே அளவு சொல்ற மாதிரி அவனே கத்தினான், ஐம்பத்தொன்பதுன்னு” என்றேன்.

“பெரியவரே, படிக்கத் தெரியுமா?”

“தெரியாது. அதனாலதான் மறக்கிறதில்ல.”

லாரிக்காரர் சிரித்தார். டீச்சர் கூட. டாக்டர் சிரிக்கவில்லை. தையல்காரன்தான், “விடுங்கண்ணே, பேப்பருக்குத் தெரியாததா” என்றான்.

மார்ச் 10
தையல்காரனுக்குப் போன் போட்டேன். படுக்க முடியவில்லையாம், உட்கார்ந்தே இருக்கிறானாம். ஆஸ்பத்திரிக்குப் போடா என்றேன். “நாளைக்கு நம்ம முறைதானே அண்ணே.”

மார்ச் 11
போய்ட்டான். நுரையீரல் முழுக்கத் தண்ணி.

மூணு கிலோ. மூணே கிலோ! நான் ஏன் கத்தல? கையிலே ஊசி இருந்தது — வாயிலயுமா இருந்தது?

மார்ச் 20
மந்திரி டிவியில் சொல்கிறார்: தாக்குதலை முறியடித்தோம், ஓர் உயிர்கூடப் போகவில்லை. மருமகள் டிவியை அணைத்தாள்.

ஏப்ரல் 2
தையல்காரன் மனைவி மனுக் கொடுத்திருக்கிறாள். பணம் கேட்கவில்லை. கம்ப்யூட்டரால் செத்தான் என்று எழுதிக்கொடுங்கள், அவ்வளவுதான்.

மறு வருஷம், பிப்ரவரி 17
அந்த மனுவை விசாரிக்கும் அதிகாரி வீட்டுக்கே வந்தார். “வியாதியிலே இறந்தார்னுதான் ரெக்கார்டுலே இருக்கு. நீங்க ஐம்பத்தொன்பதுன்னு சொன்னதை யார் கேட்டாங்க?”

சொன்னேன். தையல்காரன் — இல்லை. லாரிக்காரர் ஆகஸ்டில் போனார். டீச்சர் போன மாசம்.

“வேற யாருமே உயிரோட இல்லையா?”

“ஒருத்தர் இருக்கார், சார். டாக்டர்.”